மீட்டர் வைக்காத பட்டறை

அன்று காலை பத்தரை மணிக்குப் பட்டறையில் இருந்தவர்கள் ஆறு பேர். பட்டறையைக் கட்டிய பெரியவர். அவருடைய மூத்த பிள்ளையான மகள். மோட்டார்களுக்குக் காயில் சுற்றுவது அவள் தொழில். அவளைக் கட்டிய மாப்பிள்ளை, வெல்டர். பெரியவரின் மகன், டீசல் பம்ப் மெக்கானிக். தொழில் வட்டாரத்தில் அவனுக்குக் 'காது' என்று பெயர். சோதனைக்கு நின்ற வண்டியின் சொந்தக்காரரான டாக்ஸிக்காரர். வண்டியைச் சோதிக்க வந்த போக்குவரத்து அலுவலக இன்ஸ்பெக்டர். அவரும் அது நடந்த நிமிடத்தில் ஷட்டருக்கு வெளியே நின்று தன் கார் பானெட்டின் மேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். இந்த ஆறு பேரைத் தவிர அங்கே ஈ காக்கை கிடையாது. கண்ணால் பார்த்தோம் என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிற மற்றவர்கள் எல்லோரும் சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள்.

பெரியவர் நாற்பத்திரண்டு ஆண்டுகள் அந்தப் பட்டறையில் நின்றவர். யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை. வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும்போதுகூட அவர் முதுகு விறைப்பாகத்தான் இருக்கும் என்று டாக்ஸிக்காரர் கேலி செய்வார், அவர் காதில் விழாத தூரத்தில் நின்று.

அந்தப் பட்டறைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே மீட்டர் வைக்கக் கூடாது. டீசல் வரும் வேகத்தை விரல் நுனியால் அறிவார்கள். இன்ஜின் சூட்டைப் புறங்கையால் அறிவார்கள். பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க, கையில் கிடைத்த ஸ்பானரை எடுத்து பேட்டரியின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஓர் உரசு உரசுவார்கள். பளிச்சென்று நீலமாகப் பொறி பறந்தால் பேட்டரி நல்லது. சிவப்பாக, சோம்பலாக வந்தால் சார்ஜுக்குப் போட வேண்டும். வரவே இல்லை என்றால் தூக்கிக் கடாச வேண்டியதுதான். இதைப் பொறி பார்ப்பது என்பார்கள். கார் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டில் அது விளையாட்டு. யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் பெரியவர்தான். கைக்குத் தெரியாததை ஒரு முள் வந்து சொல்லிவிடுமா என்று கேட்பார். பதில் எதிர்பார்த்துக் கேட்கும் கேள்வி அல்ல அது.

மகனுக்குக் காது என்ற பெயர் சும்மா வரவில்லை. தெரு முனையில் ஒரு லாரி திரும்பும்போதே, மூன்றாவது நாசில் ஒழுகுகிறது என்று கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைக்காமல் சொல்லிவிடுவான். டீசல் பீச்சும் அந்தக் குழல்களைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவதுதான் ஒழுகும். பெரியவருக்கு அதில் உள்ளுக்குள் பெருமை. மகன் எதிரில் இல்லாதபோது, அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பார். எதிரில் இருந்தால், கழற்றிப் பார்த்துவிட்டுப் பேசு என்பார். அப்பன் மகன் பேச்சு நாற்பது ஆண்டுகளாக அவ்வளவுதான்.

மகள் பட்டறையின் பின்பக்க அறையில் தண்ணீர் மோட்டார், மின்விசிறி என்று வந்ததற்கெல்லாம் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். அதை ஒரு தொழில் என்று அங்கே யாரும் மதித்ததில்லை.

அப்போதுதான் அரசாங்கத்தின் உத்தரவு வந்தது. பதினெட்டு மாதம் கெடு. அதற்குப் பிறகு நகரத்தின் உள்வட்டத்தில் புகைக்குழாய் வைத்த எந்த வண்டியும் நுழையக் கூடாது. பட்டறை இருந்த தெரு உள்வட்டத்தின் நட்டநடுவில். வண்டி வர முடியாத பட்டறைக்கு ஷட்டர் எதற்கு? ஒரே ஒரு வழி விட்டிருந்தார்கள். பழைய வண்டியின் இன்ஜினை எடுத்துவிட்டு பேட்டரியும் மோட்டாரும் வைத்து, புகையே விடாத வண்டியாக மாற்றிக் காட்டுகிற பட்டறைக்கு அனுமதி உண்டு. ஒரு வண்டியைக் காட்ட வேண்டும். அது சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் கதவடைப்பு.

சாப்பாட்டு மேசையில் பேச்சு வந்தது. ஊருக்கு வெளியே இடம் பார்த்துப் போய்விடலாம் என்றான் காது. பெரியவர் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. நான் போட்ட ஷட்டரை விட்டு நான் வரமாட்டேன் என்று மட்டும் சொன்னார். டாக்ஸியில் இன்ஜினை எடுத்துவிட்டு மோட்டார் வைக்கலாம், காயிலை நானே சுற்றுகிறேன் என்றாள் மகள்.

"எந்த மோட்டாரு? மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்துமே, அதுவா அக்கா?" என்றான் காது.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். மகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய், மறுநாளே டாக்ஸிக்காரரின் வண்டியைக் கேட்டு வாங்கினாள். டாக்ஸிக்காரர் ஏன் கொடுத்தார் என்றால், கொடுக்காவிட்டாலும் அந்த வண்டி உள்வட்டத்தில் ஓடப்போவதில்லை. போகிற உயிர் டாக்டர் கையில் போகட்டும் என்றார்.

முதல் முயற்சி ஐந்து மாதம் தின்றது. கிடங்கில் மூட்டை தூக்கும் வண்டியின் மோட்டார் ஒன்றை வாங்கி, மறுபடி காயில் சுற்றி, தனியாக ஓர் இரும்புச் சட்டத்தில் ஏற்றிப் பாரம் கொடுத்தார்கள். இருபது நிமிடம் நன்றாக ஓடிய மோட்டார், பாரம் கூடியதும் காயில் கருகிப் புகைந்தது. புகை பட்டறை முழுக்கப் பரவியபோது காது பம்ப் மேசையிலிருந்து எழுந்து வந்து கைதட்டினான்.

"புகையில்லா வண்டி நல்லாப் புகையுதே மச்சான். இன்னும் கொஞ்சம் ஊதிவிடுங்க, சமைச்சுடலாம்."

மாப்பிள்ளை பேசுகிற ஆள் அல்ல. பக்கத்தில் கிடந்த சக்கர மூடியை எடுத்து வீசினார். அது காதின் புருவத்தைக் கிழித்தது. நான்கு தையல். அதுதான் முதல் ரத்தம்.

இரண்டாவது மோட்டார் பாரத்தைத் தாங்கி நின்றது. மகள் இரண்டு மடங்கு கனத்தில் கம்பி எடுத்து, விரல் நுனிகள் வெடிக்க வெடிக்கச் சுற்றியிருந்தாள். அடுத்து டாக்ஸியின் இன்ஜினை வெளியே எடுக்க வேண்டும். அந்த இன்ஜின் காது தன் கையால் பிரித்துப் பூட்டியது; அதன் பம்ப்பில் அவன் திருப்பி வைத்த திருகுவரை அவனுக்கு மனப்பாடம். நான் இல்லாத நாளில் எடுங்கள் என்று சொல்லியிருந்தான். இன்ஜின் தூக்கும் செயின் பிளாக் அன்றைக்குத்தான் கிடைத்தது. அவன் இருக்கும்போதே தூக்கினார்கள். நெஞ்சு உயரத்துக்கு வந்த இன்ஜின் சங்கிலியில் ஆடியபோது காது வந்து சங்கிலியின் பிடிப்பை விடுவித்தான். இன்ஜின் விழுந்தது. மாப்பிள்ளையின் இடது காலில் இரண்டு விரல்கள் நசுங்கிக் கூழாயின. விழுந்து கிடந்தபடியே அவர் டயர் கழற்றும் நெம்புகோலை எடுத்துக் காதின் முழங்காலுக்குக் கீழே விளாசினார். எலும்பில் விழுந்த அடியின் சத்தம் பெரியவர் இருந்த மேசைவரை கேட்டது.

பெரியவர் வந்தார். மகனை அறைந்தார். மறுபடி ஓங்கிய நெம்புகோலைப் பிடித்து நிறுத்தி, மாப்பிள்ளையையும் அறைந்தார். மாப்பிள்ளையைக் கைநீட்டி அடிப்பது அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் நடக்காத காரியம். அடித்த கையாலேயே அவரைத் தோளில் தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்தான். சாயங்காலம் திரும்பி வந்து, வேலையாட்கள் எல்லோரும் கேட்க, பட்டறை நடுவில் நின்று சொன்னார்.

"இது என் பட்டறை வண்டி. இனிமே இதுல கை வெக்கிறவன் என் மேல கை வெக்கிறான்."

சொன்னால் சொன்னதுதான். அன்றுமுதல் அந்த வண்டி தேறுவதும் தேறாததும் மகளின் பிடிவாதமாக இல்லாமல் பெரியவரின் வாக்காக ஆனது. நாற்பத்திரண்டு ஆண்டுப் பெயரும் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பேட்டரிப் பெட்டியை டாக்ஸியின் டிக்கியில் வைத்தார்கள். தொண்ணூற்றாறு செல்களை வரிசையாகக் கோத்தால் முந்நூற்றைம்பது வோல்ட். அந்த வேலைக்கு மகள் ஒரு மீட்டரைச் சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தாள். பெரியவர் அதைப் பார்த்தார். அவர் ஆயுளில் கண்டும் காணாததுபோல் இருந்தது அந்த ஒரு முறைதான்.

பெட்டியை மூடுவதற்கு முன் மகள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து எச்சரித்தாள். ரப்பர் கையுறை இல்லாமல் யாரும் டிக்கியில் கை வைக்கக் கூடாது; வண்டி ஓடாமல் நின்றாலும், சாவியை எடுத்தாலும் பெட்டிக்குள் உயிர் அப்படியேதான் இருக்கும்; இது நம் பழைய பேட்டரி அல்ல, ஆளைக் கொன்றுவிடும். மாப்பிள்ளைக்குச் சொன்னாள், டாக்ஸிக்காரருக்குச் சொன்னாள், அப்பாவுக்குச் சொன்னாள். தம்பிக்கு மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. அதற்கு முந்தின நாள்தான் அவன் ரம்பத்தால் மோட்டாருக்குப் போகும் ஆரஞ்சு கேபிளை அறுத்திருந்தான். அவள் காயில் தட்டும் மரச்சுத்தியலால் அவன் வாயில் ஒரே ஒரு போடு போட்டிருந்தாள். ஒரு பல் போயிற்று. அக்கா என்பதால் விட்டேன் என்று சொல்லிவிட்டு, ரத்தத்தைத் துப்பிவிட்டுப் போயிருந்தான். அதனால் அவள் பெரியவரிடம் கேட்டுக்கொண்டாள். நீங்கள் சொன்னால் கேட்பான் அப்பா, பெட்டியைத் தொட வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள்.

பெரியவர் தலையசைத்தார். ஆனால் சொல்லவில்லை. மறந்துபோகவில்லை. இரண்டு முறை பம்ப் மேசைவரை போனார், மகன் தலை குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான், திரும்பி வந்துவிட்டார். பன்னிரண்டு வயதிலிருந்து என் பக்கத்தில் நின்று பேட்டரியில் பொறி பார்த்தவனுக்கு, பேட்டரியைத் தொடாதே என்று நான் போய்ச் சொல்வதா? சொன்னால் அவனுக்கு அவமானம், சொல்கிற எனக்கும் அவமானம். இப்படித்தான் அவர் நினைத்தார்.

சோதனை நாளன்று வேலையாட்களுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒன்பது மணிக்கு வந்தார். மெலிந்த ஆள், அதிகம் பேசாதவர். வண்டியைச் சுற்றி வந்தார். கீழே குனிந்து புகைக்குழாய் இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே மாப்பிள்ளை பற்றவைத்த தகடு மட்டும் இருந்தது. டாக்ஸிக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து மேட்டுச் சாலை வரை ஓட்டிப்போனார். வண்டி தெருவில் இறங்கியபோது கிளம்பிய சத்தம் டயர் கல்லை நெரிக்கும் சத்தம் மட்டும்தான். இருபத்தைந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார்கள். டாக்ஸிக்காரர் இறங்கி வந்து மகளிடம், மேட்டில் ஒரு லாரியை முந்திவிட்டோம் அம்மா, லாரிக்காரன் நாங்கள் போனதையே பார்க்கவில்லை என்றார். அவள் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

பெட்டியின் உள்ளேயும் பார்க்க வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். மகள் கையுறை போட்டு, டிக்கியைத் திறந்து, பெட்டி மூடியின் எட்டு போல்ட்டுகளையும் கழற்றி மூடியைச் சாய்த்து வைத்தாள். அவர் ஒவ்வொரு வரிசையாக மீட்டர் வைத்துப் பார்த்தார். குறை ஒன்றுமில்லை, எழுதிக்கொண்டு வருகிறேன், வந்து முத்திரை வைத்த பிறகு மூடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். காகிதம் அவர் காரில் இருந்தது.

அந்த இடைவெளியில்தான் காது எழுந்து வந்தான்.

அவன் குடித்திருக்கவில்லை. பதினாறு மாதம் பம்ப் மேசையில் உட்கார்ந்து, தன்னைத் தேடி வரும் வண்டிகள் வாரத்துக்கு வாரம் குறைவதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தவன். இப்போது தன் அப்பா அந்தச் சத்தமில்லாத வண்டியின் மேல் கை வைத்து நிற்பதைப் பார்த்தான். அவன் கையில் இருபத்திரண்டு நம்பர் ஸ்பானர் இருந்தது. முழங்கை நீளம்.

"ரெண்டு வருஷத்துல மக்கிப்போற பெட்டிக்கு முத்திரை வாங்குறீங்களா? நான் பொறி பார்த்துச் சொல்றேன், அப்புறம் வாங்குங்க."

மாப்பிள்ளை நொண்டியபடியே வந்து குறுக்கே நின்றார்.

"தள்ளுங்க மச்சான்."

"தொடாத. சொல்றேன், தொடாத."

"என் பட்டறையில என்னைத் தொடாதங்குறீங்க. வெல்டிங் வெக்க வந்த ஆளு."

மாப்பிள்ளை அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். காது தலையால் முட்டினான். மாப்பிள்ளையின் மூக்குத் தண்டு உடைந்து ரத்தம் சட்டையில் கொட்டியது. டாக்ஸிக்காரர் பின்னாலிருந்து அவன் கழுத்தைக் கட்டிப்பிடித்தார்; காது முழங்கையால் பின்னால் விலாவில் இடித்து அவரைச் சாய்த்தான். அவர் மூச்சு வராமல் தரையில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை மறுபடி பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்தபோது ஸ்பானரின் மறுமுனையால் அவர் முதுகில் இரண்டு முறை குத்திப் பிடியை விடுவித்துக்கொண்டான். இத்தனையும் பேச்சில்லாமல், மூச்சிரைப்பு மட்டும் கேட்க நடந்தது. மகள் டிக்கியை மூட ஓடினாள். பெரியவர் வண்டியின் முன்பக்கம் இருந்தார். சுற்றி வர அவர் பத்து எட்டு எடுத்து வைக்க வேண்டும்.

இப்போது சொல்லியிருக்கலாம். தொடாதே, அது கொல்லும் என்று கத்தியிருக்கலாம். அவர் வாயிலிருந்து வந்ததோ நாற்பது ஆண்டுப் பழக்கம். "டேய், என் வாக்கு இருக்குடா அதுல," என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் காது ஸ்பானரை வைத்தான். அக்கா சாத்திக்கொண்டிருந்த டிக்கிக் கதவை ஒரு கையால் தூக்கி, மறு கையால் ஸ்பானரைப் பெட்டியின் இரண்டு கடைசி முனைகளுக்குக் குறுக்கே, ஆயிரம் முறை செய்த அதே லாவகத்தோடு, உரசுகிற மாதிரி வைத்தான்.

பொறி வரவில்லை. இடி விழுந்தது. பட்டறை முழுவதும் ஒரு கணம் வெள்ளையானது. ஸ்பானரின் ஒரு முனை ஆவியாகப் போய்விட்டது. உருகிய இரும்பு அவன் கன்னத்திலும் கழுத்திலும் தெறித்தது. மறுமுனை செல்களை இணைக்கும் செம்புப் பட்டையோடு உருகிப் பற்றிக்கொண்டது. அதைப் பிடித்திருந்த வலது கை விரல்கள் இறுகிப்போயின. நிலை தடுமாறி முன்னால் சாய்ந்தவன் இடது கையைச் செல் வரிசையின் மேல் ஊன்றினான். அவ்வளவுதான். இரண்டு கையும் ஒட்டிக்கொண்டன. தாடை பூட்டிக்கொண்டது. உடம்பு முழுவதும் விறைத்து நடுங்கியது. அந்த வண்டியிலிருந்து புகை என்று ஒன்று வந்தது அப்போதுதான். அது காதின் சட்டைக் கையிலிருந்து வந்தது.

பெரியவர் ஓடி வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். மகனைத் தொட அரை முழம் இருக்கும்போது மாப்பிள்ளை அவரைப் பக்கவாட்டில் மோதித் தரையில் வீழ்த்தினார். எழுபது வயது உடம்பு சிமெண்டில் விழுந்தது. பெரியவர் அவரைக் குத்தினார், உடைந்த மூக்கிலேயே குத்தினார், தலைமுடியைப் பிடித்து இழுத்தார், விடு என்று திட்டினார். மாப்பிள்ளை விடவில்லை. அவர் மேல் படுத்து, இரண்டு தோளையும் அழுத்தி, ரத்தம் அவர் முகத்தில் சொட்டச் சொட்ட, "தொட்டா நீங்களும் போயிடுவீங்க மாமா," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

தரையில் கிடந்தபடி பெரியவர் மகளைப் பார்த்தார். ஜாக்கிக்கு அடியில் வைக்கிற மரக்கட்டையை அவள் இரண்டு கையாலும் எடுத்திருந்தாள். தம்பியின் வலது முன்னங்கையில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்தது, விரல்கள் விடவில்லை. இரண்டாவது அடி அதே இடத்தில். மூன்றாவது அடியில் கை ஸ்பானரை விட்டுத் தெறித்தது. அவன் பின்னால் சரிந்து தரையில் விழுந்தான். அவள் கட்டையைப் போட்டுவிட்டு அவன் மேல் உட்கார்ந்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். எண்ணிக்கொண்டே அழுத்தினாள். முப்பதைத் தாண்டி எங்கோ அவன் இருமினான்.

ஷட்டர் வாசல் நிறைய ஆட்கள். பேட்டரி வெடித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள்; உடனே எல்லோரும் அதையே சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, பெட்டியைப் பார்த்தார், தரையில் கிடந்தவனைப் பார்த்தார், ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். பிறகு எழுந்து நின்ற பெரியவரிடம் வந்தார். அவர் கையில் காகிதம் இருந்தது, முத்திரை வைக்காமல்.

"பெரியவரே, பேட்டரி தானா வெடிச்சுதா?"

ஆமாம் என்றால் அது விபத்து. மகன் மேல் ஒரு சொல் வராது. வண்டி தோற்றுப்போகும், ஷட்டர் இறங்கும், மகளின் பதினாறு மாதம் குப்பைக்குப் போகும், எந்த டாக்ஸிக்காரரும் இனி அப்படி ஒரு வண்டியில் ஏறமாட்டார். இல்லை என்றால் மகன் பெயர் போலீஸுக்குப் போகும். டாக்ஸிக்காரர் விலாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து, வெடித்தது என்றே சொல்லிவிடுங்கள் ஐயா, வண்டி போனால் போகட்டும், பையன் மேல் வழக்கு வேண்டாம் என்று கிசுகிசுத்தார். தன் வண்டியையே விட்டுக்கொடுத்துச் சொன்னார் என்பதையும் சொல்ல வேண்டும். மகள் தம்பியின் பக்கத்தில் முழங்காலிட்டு இருந்தாள். அப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெரியவர் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"வெடிக்கல. என் மகன்தான் ஸ்பானரை வெச்சான். ரெண்டு பேரை அடிச்சுப் போட்டுட்டுத்தான் வெச்சான், அதையும் எழுதுங்க. பெட்டியைத் தொட வேணாம்னு அவன்கிட்டச் சொல்லச் சொல்லி என் மகள் என்கிட்டச் சொன்னா. நான் சொல்லல. அதையும் எழுதுங்க."

"கடைசியா சொன்னதை எழுதணும்னு இல்ல, ஐயா."

"எழுதுங்க. கையெழுத்து நான் போடறேன்."

இன்ஸ்பெக்டர் எழுதினார். பெரியவர் படித்துப் பார்த்து, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்லி, கையெழுத்துப் போட்டார். அதன் பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏறினார்.

காதுக்கு வலது கையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். முறிந்த எலும்புக்குத் தகடு வைத்தார்கள். இடது காது கேட்காமல் போய்விட்டது. மகன் அங்கே கிடந்த ஒன்பது வாரமும் பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். முதல் ஆறு வாரம் மகன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். ஏழாவது வாரம் ஒருநாள், அவர் கொண்டுபோன சாப்பாட்டை இடது கையால் பிசைந்துகொண்டே கேட்டான்.

"என்னை ஏன் எழுதிக் குடுத்தீங்க?"

"என்னையும் சேத்துத்தான் எழுதிக் குடுத்தேன்."

அவன் இரண்டு வாய் சாப்பிட்டான்.

"எத்தனை வோல்ட் அது?"

"முந்நூத்தம்பது."

"சொல்லியிருக்கலாம் நீங்க."

"சொல்லியிருக்கணும்," என்றார் பெரியவர். அவர் பிள்ளைகள் யாரிடமும் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை.

கருகிய ஏழு செல்களையும் செம்புப் பட்டைகளையும் மாற்றிய பிறகு, கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது வண்டி மறுபடி சோதனைக்கு நின்றது, தேறியது. டாக்ஸிக்காரர் இன்றும் அதில்தான் ஆள் ஏற்றுகிறார். வழக்கு நடந்தது. காது குற்றத்தை ஒப்புக்கொண்டான். மச்சானும் டாக்ஸிக்காரரும் கூண்டில் ஏறி அவனுக்காகப் பேசினார்கள். நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். இப்போது அவன் அக்காவின் அறையில் உட்கார்ந்து மோட்டார் பேரிங் பார்க்கிறான். வலது காதை மோட்டாரின் உடம்பில் வைத்துக் கேட்டு, இது தேய்ந்திருக்கிறது என்பான். அவள் மீட்டரையும் வைத்துப் பார்ப்பாள். அதற்காகத் தினமும் சண்டை போடுகிறார்கள், வாயால்.

ஊர் பல விதமாகப் பேசுகிறது. பெரியவர் பாசமில்லாதவர் என்கிறது; அது அவரவர் அபிப்பிராயம், அதற்குப் பதில் தேவையில்லை. காது அன்று குடித்திருந்தான் என்கிறது. இல்லை என்று மேலே சொல்லியாயிற்று. அக்காக்காரி பட்டறையைத் தன் பெயருக்கு வாங்கிக்கொள்ளத் தம்பியைக் கட்டையால் அடித்துக் கரண்டில் தள்ளினாள், அப்பன்காரன் அதை மறைத்துவிட்டான் என்றும் ஒரு பேச்சு பஸ் நிறுத்தத்தில் இன்னும் ஓடுகிறது.

அவள் தள்ளவில்லை. கரண்டில் ஒட்டியிருந்த கையை அடித்து எடுத்தாள். மூன்று அடி.